தொழில்நுட்பக் குழுவில் அரட்டையைக் கையாள்வது எப்படி? அட்மின்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு லினக்ஸ் உதவிக் குழு. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து, புதிதாக உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) போட்ட லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்கிறார். டெர்மினலில் வந்த பிழைச் செய்தியையும் ஒட்டியிருக்கிறார். நல்ல கேள்வி. முதல் பதில், "என்ன லேப்டாப்?" இரண்டாவது, "அந்த மாடல் வேண்டாம்னு அப்பவே சொன்னேனே ப்ரோ." மூன்றாமவர் விலை கேட்கிறார். நான்காமவர், ரிச்சி தெருவில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்கிறார். ரிச்சி தெரு என்றதும் பார்க்கிங், பார்க்கிங் என்றதும் மெட்ரோ, அப்புறம் அந்தப் பக்கம் பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்பது வரை பேச்சு போய்விடுகிறது. பிழைச் செய்தி எங்கேயோ மேலே கிடக்கிறது.

இதில் யாரும் தப்பாக ஒன்றும் பேசவில்லை. அட்மினுக்கு அதுதான் தலைவலி. ஸ்பேமை யோசிக்காமல் அழித்துவிடலாம், கெட்ட வார்த்தை பேசுபவரை வெளியே அனுப்பிவிடலாம். பிரியாணிக்கு என்ன தண்டனை கொடுப்பது?

நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் இதே சிக்கலோடு தேடி வருபவருக்கும் ஒன்றும் கிடைக்காது. இவற்றைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. எந்தக் குழுவிலும் உண்மையாகப் பதில் சொல்பவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். அவர்கள் சண்டை போட மாட்டார்கள், வெளியேறவும் மாட்டார்கள். பேசாமல் குழுவை மியூட்டில் போட்டுவிடுவார்கள். உறுப்பினர் எண்ணிக்கை குறையாது என்பதால் யாருக்கும் தெரியாது. சில மாதங்கள் கழித்து எந்தக் கேள்விக்கும் "கூகுள் பண்ணிப் பாருங்க" என்ற பதில் மட்டுமே வரும்போதுதான் உறைக்கும்.

அதற்காக அரட்டையை ஒழித்துவிடவும் கூடாது. பதில் சொல்பவர்கள் தினமும் எட்டிப் பார்ப்பதே கொஞ்சம் பேச்சுத்துணைக்காகத்தான். பேச்சை முற்றாக நிறுத்தினால், எதாவது பழுதானால் மட்டும் ஆள் வரும் இடமாகக் குழு மாறிவிடும். வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் அரட்டைக்கு ஓர் இடம், அப்புறம் விதி, அதன்பின் இதமான ஒரு சொல், தண்டனை கடைசியில். பெரும்பாலான குழுக்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

முதல் படி: எதைத் தடுக்கப் போகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

'ஆஃப்-டாபிக்' (தலைப்புக்குத் தொடர்பில்லாதது) என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்தினால் எதையும் ஒழுங்காகக் கையாள முடியாது.

முதலில் கிளைப் பேச்சு. வைஃபை கேள்வியிலிருந்து, சில பிராட்காம் சிப்புகளுக்கான ட்ரைவர் ஏன் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்து வருவதில்லை என்று ஒருவர் விளக்க ஆரம்பிக்கிறார். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லைதான். ஆனால் ஒரு தொழில்நுட்பக் குழுவின் மிகச் சிறந்த பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இதைத் தடுக்கக் கூடாது. தனி இழைக்கு (த்ரெட்) மாற்றினால் போதும்.

இரண்டாவது, நட்பு அரட்டை: கிரிக்கெட், மழை, யாருக்கு வேலை கிடைத்தது, டீ. இதற்கு வேறு அறை வேண்டும்.

மூன்றாவது, சண்டைக்கு இழுக்கும் பேச்சு. நிரல் எழுத விம்மா ஈமாக்ஸா, லினக்ஸ் வகைகளில் உபுண்டுவா ஆர்ச்சா, நிரலில் இடைவெளி விட டேபா ஸ்பேஸா என்பவையெல்லாம் பெயரளவில் தொழில்நுட்பம்தான். அதனாலேயே எந்த விதியிலும் சிக்காமல் நழுவிவிடும். புதிதாக வந்தவர் "எந்த லினக்ஸ் நல்லது?" என்று அப்பாவியாகக் கேட்டதற்கு இரண்டு சீனியர்கள் நள்ளிரவு வரை மோதிக்கொள்வார்கள், கேட்டவர் அதற்குள் விண்டோஸுக்கே திரும்பியிருப்பார்.

கடைசியில் ஃபார்வர்டுகள். காலை வணக்கப் படம், பாதி உண்மையான வேலைவாய்ப்பு அறிவிப்பு, சர்க்கரை நோய்க்கு நாட்டு வைத்தியம். இவற்றை நீக்கிவிடலாம், விவாதம் தேவையில்லை.

பிரித்துக்கொண்ட பிறகு, குழுவின் எல்லையை ஒரு பத்தியில் எழுதி, எப்போதும் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்யுங்கள். "தொழில்நுட்பம் மட்டும்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். உதாரணங்களோடு எழுத வேண்டும்: "லினக்ஸ் நிறுவுதல், பிழைகள், கட்டளைகள், கட்டற்ற மென்பொருள் பற்றி இங்கே பேசலாம். எந்த லேப்டாப் வாங்கலாம் என்ற கேள்வியும் வரலாம், லினக்ஸ் அதில் ஓடுமா என்ற அளவில். விலை, கடை, ஆஃபர், பொதுப் பேச்சு எல்லாம் டீக்கடை பக்கம்." டீக்கடை என்பது அரட்டைக்கென்று நாம் வைக்கப்போகும் தனி அறை. விளிம்பில் நிற்கும் விஷயங்களை எழுதினால்தான் நாளை வாக்குவாதம் வராது. நடுவில் இருப்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

இரண்டாம் படி: விதிக்கு முன் இடம் கொடுங்கள்

இணையத்தில் இது பழைய பாடம். வெப் வருவதற்கு முந்தைய விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில் 1987-இல் குழுக்களின் பெயர்களை மொத்தமாக மாற்றி ஏழு பெரும் பிரிவுகளாக அடுக்கினார்கள். கணினிக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று போன அந்த அடுக்கில் 'டாக்' (பேச்சு) என்றும் ஒன்று இருந்தது. முடிவே இல்லாத மத, அரசியல் வாதங்கள் அங்கே போயின. வாதத்தை நிறுத்த முடியாது, ஆனால் வேண்டாதவர் தாண்டிப் போகும்படி வைக்கலாம் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள். பின்னாளில் ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை முறையில் உபுண்டு உதவிச் சேனலுக்குப் பக்கத்திலேயே 'உபுண்டு-ஆஃப்டாபிக்' என்ற சேனல் இருந்ததும் இதே யோசனைதான். பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் கூடும் டிஸ்கார்ட் குழுவில் அரட்டைக்கென்று மூன்று சேனல்கள் உண்டு. அவற்றின் பெயரை ஒரு பாட் (தானியங்கி நிரல்) தினமும் வேடிக்கையாக மாற்றிக்கொண்டே இருக்கும். அரட்டை அறைக்குப் போவது தண்டனை மாதிரி இல்லாமல், போய்ப் பார்க்கத் தோன்றும் இடமாக ஆகிவிடுகிறது. அந்தச் சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

எந்தச் செயலியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். டெலிகிராமில் 2022 இறுதியில் வந்த டாபிக்ஸ் வசதியை இயக்கினால் ஒரே குழுவுக்குள் தனித்தனி அறைகள் கிடைக்கும். உதவி, அறிவிப்பு, டீக்கடை என்று மூன்று போதும். ஆரம்பத்திலேயே பன்னிரண்டு அறை திறந்தால் எங்கே பேசுவது என்று தெரியாமல் எல்லோரும் பொது அறையிலேயே நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவுக்குள் அறை பிரிக்க வழி இல்லை. கம்யூனிட்டி ஒன்றை உருவாக்கி அதன்கீழ் உதவிக்கும் அரட்டைக்கும் இரண்டு குழுக்கள் வைக்க வேண்டும். டிஸ்கார்டில் சேனல்கள் இயல்பாகவே உண்டு.

ஒரு முக்கிய வேறுபாட்டை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஜூலிப் என்ற அரட்டைச் செயலி, டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருள் இரண்டிலும் தடம் மாறிய செய்திகளை மொத்தமாக எடுத்து வேறு தலைப்புக்கு நகர்த்த முடியும். கேள்வி இருந்த இடத்திலேயே நிற்கும், பிரியாணி தனியாகப் போய்விடும், யாருடைய பேச்சும் அழியாது. டெலிகிராம், வாட்ஸ்அப், டிஸ்கார்டில் இப்படி நகர்த்த வழி இல்லை. ஃபார்வர்டு செய்துவிட்டு அழைக்கத்தான் முடியும். உங்கள் குழு புதிதாகத் தொடங்குகிறது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றால், இந்த ஒரு வசதிக்காகவே ஜூலிப்பையோ டிஸ்கோர்ஸையோ பாருங்கள். ஆனால் நம் மக்கள் இருப்பது டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் என்பதால் பாக்கி வழிகாட்டியை அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

டீக்கடைக்கும் விதி வேண்டும், குறைவாக. சாதி, மதம், தனிநபர் தாக்குதல், பணம் கேட்கும் வேலைவாய்ப்பு ஆகிய நான்கும் கூடாது என்றால் போதும். அங்கே அதற்கு மேல் கை வைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கதை இருக்கிறது. 2008-இல் அது தொடங்கியபோது உங்களுக்குப் பிடித்த புரோகிராமர் கார்ட்டூன் எது என்பது போன்ற கேள்விகளும் அங்கே இருந்தன. தளம் வளர வளர அவற்றை மூடினார்கள். சிலவற்றை வரலாற்று மதிப்புக்காகப் பூட்டி வைத்தார்கள். கருத்து சார்ந்த கேள்விகளுக்காக 2010-இல் 'புரோகிராமர்ஸ்' என்ற தனித் தளம் பிறந்தது. கொஞ்ச காலத்தில் அதற்கும் கறாரான எல்லைகள் வந்தன. 2016-இல் 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்று பெயரே மாறிவிட்டது. மிச்சத்தைப் போடத் திறந்த இடத்திலேயே மிச்சத்துக்கு இடமில்லாமல் போனது. டீக்கடையை டீக்கடையாகவே விட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: எப்போது குறுக்கிடுவது

விதியைவிட இது கடினம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

கிடைத்துவிட்டது, அவரும் நன்றி சொல்லிவிட்டார் என்றால், அதன்பின் அங்கே பத்து மெசேஜ் வேடிக்கையாகப் போனாலும் விடுங்கள். தானாக ஓய்ந்துவிடும். பதில் கிடைக்கவில்லை, பேச்சு வேறு பக்கம் போகிறது என்றால் ஐந்தாறு மெசேஜுக்குள் குறுக்கிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகள் காத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

மதிப்புள்ள கிளைப் பேச்சு என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நல்ல அனுபவசாலி ஒருவர் பேசிக்கொண்டே போகும்போது நடுவில் புகுந்து "டாபிக்குக்கு வாங்க" என்பது, எனக்குத் தெரிந்தவரை, ஓர் அட்மின் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். அவர் முடிக்கட்டும். முடித்ததும், "இதைத் தனி இழையாகப் போட்டுவிடுகிறேன், நாளைக்குத் தேடுபவர்களுக்கு உதவும்" என்று சொல்லுங்கள். அவருக்கும் அது மரியாதை.

தலைப்பை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமலே பேச்சு வீணாகும் வகை ஒன்று உண்டு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் 1999-இல், சில நொடிகள் காத்திருக்கச் சொல்லும் 'ஸ்லீப்' என்ற கட்டளை ஒரு நொடியின் பின்னங்களையும் ஏற்க வேண்டுமா என்ற சின்ன விஷயத்தில் பெரிய வாக்குவாதம் மூண்டது. அத்திட்டத்தின் நிரலாளர் போல்-ஹென்னிங் காம்ப் அப்போது எழுதிய மடலில், 1957-இல் நிர்வாகம் பற்றிய நூலில் பார்க்கின்சன் சொன்ன உதாரணத்தை நினைவுபடுத்தினார். அணு உலைக்கான திட்டம் கூட்டத்தில் சட்டென ஒப்புதல் பெற்றுவிடும், ஏனென்றால் அது யாருக்கும் புரியாது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகை என்றால் ஆளுக்கு ஆள் கருத்து சொல்வார்கள். அதிலிருந்து 'பைக்‌ஷெட்' என்ற சொல்லே நிரலாளர்களிடையே நிலைத்துவிட்டது. இந்த வகைப் பேச்சை வேறு அறைக்கு அனுப்பிப் பயன் இல்லை. முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, அவரிடம் விட்டு, இன்ன நாளில் முடிவு என்று அறிவித்துவிடுங்கள்.

நம் குழுக்களுக்கே உரிய இன்னொரு கிளையும் உண்டு. யாராவது தமிழில் ஒரு நல்ல விளக்கம் எழுதியிருப்பார். முதல் மறுமொழி, "இங்கே ஒற்று மிகாது" என்று வரும். அப்புறம் வைஃபை போய் வல்லினம் வந்துவிடும். இணைய நடத்தைக்கான பழைய ஆவணமான ஆர்.எஃப்.சி. 1855, 1995-இல் வெளியானது. அதில் தலைப்பை விட்டு விலகாதீர்கள் என்று சொல்லும் அதே வாக்கியம், பிறருடைய எழுத்துப்பிழையைச் சுட்டுவதற்கென்றே செய்தி அனுப்பாதீர்கள் என்றும் சொல்கிறது. ஒற்றுப்பிழையைத் தனிச்செய்தியில் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காம் படி: எப்படிச் சொல்வது

பேச்சைத் திருப்புவதில் பாதி வேலை, கேள்வியை மறுபடி மேலே கொண்டுவருவது. கண்டிப்பதற்கு முன் கேள்விக்கு உயிர் கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"வைஃபை கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த மாடலில் உபுண்டு போட்டவர்கள் யாராவது பிழைச் செய்தியைப் பாருங்களேன். பிரியாணி ஆராய்ச்சியை டீக்கடையில் தொடர்வோம், நானும் அங்கே ஒரு கடை சொல்லியிருக்கிறேன்."

மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன. யார் பெயரும் இல்லை. கேள்வியைச் சுட்டி அதன்மேல் மறுமொழியாக எழுதியிருப்பதால் அது எல்லோர் கண்ணிலும் படும். நீங்களே முதலில் டீக்கடையில் ஒரு வரி போட்டுவிட்டு வந்து அழைக்கிறீர்கள். காலி அறைக்குள் யாரும் போக மாட்டார்கள். ஏற்கெனவே பேச்சு ஓடும் அறைக்குப் போவார்கள்.

"விதிகளைப் படிக்கவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிண்டலும் வேண்டாம். நேரில் சொன்னால் சிரித்துவிட்டுப் போகும் சொல், எழுத்தில் அவமானமாகிவிடும். புதியவர் "ஹாய், யாராவது இருக்கீங்களா? ஒரு டவுட்" என்று மட்டும் போட்டால், "இருக்கிறோம், கேள்வியையே போட்டுவிடுங்கள், பார்ப்பவர்கள் பதில் சொல்வார்கள்" என்றால் போதும். அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வயதில் மூத்தவர்கள் விஷயம் தனி. ஓய்வுபெற்ற ஒரு சார், தினமும் காலை ஆறு மணிக்குப் பூப்படத்தோடு வணக்கம் போடுகிறார். பொதுவில் அதை நீக்கி எச்சரித்தால், அவர் மட்டுமல்ல, அவரை மதிக்கும் பத்துப் பேரும் முகம் சுளிப்பார்கள். தனிச்செய்தியில் எழுதுங்கள்: "சார், வணக்கம். உதவி அறையில் கேள்விகள் மேலே போய்விடுவதால் அங்கே படங்கள் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். காலை வணக்கத்தை டீக்கடையில் போடுங்களேன், அங்கே எல்லோரும் பார்ப்பார்கள்." பெரும்பாலும் ஒரே முறையில் முடிந்துவிடும். அதே நேரம், அவர் மூத்தவர் என்பதற்காக அவருடையதை விட்டுவிட்டு இருபது வயதுப் பையனின் மீமை மட்டும் நீக்கினால், அந்தப் பையன் கவனிக்காமல் இருக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. மூன்று அட்மின்கள் அடுத்தடுத்து வந்து "ஆமாம், டாபிக்கில் பேசுங்கள்" என்று சொன்னால் அந்த மூன்றும் ஆஃப்-டாபிக்தான். ஒருவர் சொன்னால் மற்றவர்கள் பேசாமல் இருக்க வேண்டும். விதி சரியா தவறா என்ற வாதம் கிளம்பினால் அதற்கும் டீக்கடையோ தனி இழையோ காட்டுங்கள், அங்கே போய்ப் பதிலும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அது உதவி அறைக்கே திரும்பி வரும்.

ஐந்தாம் படி: கருவிகள்

சொல்லியும் நிற்கவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். டெலிகிராமின் ஸ்லோ மோடில் ஒருவர் அடுத்த செய்தி அனுப்ப சில நொடிகள் முதல் 1 மணி நேரம் வரை காத்திருக்கும்படி வைக்கலாம். சண்டை சூடாகும்போது ஐந்து நிமிட இடைவெளி அற்புதமாக வேலை செய்யும். யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, கோபம் தானாக இறங்கும். சண்டை அடங்கியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உதவி கேட்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

அழிப்பதில் கவனம் தேவை. உரையாடலின் நடுவிலிருந்து ஒரு செய்தியை மட்டும் எடுத்தால் அதற்கு வந்த மறுமொழிகள் அர்த்தமில்லாமல் அந்தரத்தில் நிற்கும், என்ன சொல்லியிருப்பார் என்ற ஊகத்திலேயே அடுத்த அரைமணி நேரம் ஓடும். வாட்ஸ்அப்பில் அட்மின் நீக்கினார் என்று குறிப்பே வரும். ஃபார்வர்டு, ஸ்பேம், வசை மூன்றை மட்டும் அழியுங்கள்.

உங்கள் குழு ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சுற்றியது என்றால், நிரல்களைச் சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்பிலும் இதே பிரச்சினை வரும். அங்கே ஒரு கருத்தை 'ஆஃப்-டாபிக்' என்ற காரணத்தோடு மறைக்கலாம். அழியாது, விரும்புபவர் திறந்து பார்க்கலாம். இஷ்யூவை (பிழை அறிக்கைப் பக்கத்தை) பூட்டும்போதும் காரணம் குறிக்க முடியும். வெளியிலிருந்து கூட்டமாக வந்து கொட்டினால், 24 மணி நேரத்திலிருந்து 6 மாதம் வரை புதியவர்கள் எழுதுவதைத் தற்காலிகமாக நிறுத்தலாம். பிழை அறிக்கையாக இல்லாமல் கேள்வியாகவோ யோசனையாகவோ வருபவற்றை டிஸ்கஷன்ஸ் பகுதிக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் எளிது.

ஆறாம் படி: தேர்தல், இறுதிப்போட்டி, மொழி

சில நாட்களில் எந்த விதியும் நிற்காது. ஐபிஎல் இறுதிப்போட்டி இரவும் தேர்தல் முடிவு நாளும் அப்படி. முந்தின நாளே டீக்கடைப் பக்கத்தில் தற்காலிக இழை திறந்து, நாளை இரவு மூடப்படும் என்று எழுதிவிடுங்கள். மூடும் நேரம் தெரிந்த பேச்சு அவ்வளவாக வழிவதில்லை.

'அரசியல் கூடாது' என்ற விதியை நான் அப்படியே ஆதரிக்க மாட்டேன். 2010-இல் யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரம்) கிரந்த எழுத்துகள் குறித்த முன்மொழிவு எழுந்தபோது, அது குறியேற்றம் பற்றிய விவாதமாகவும் இருந்தது, தமிழ்நாட்டு அரசியல் விவாதமாகவும் இருந்தது. தமிழ்க் கணிமைக் குழுவில் அதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? ஆதார், தனியுரிமை, அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் எல்லாமே இப்படித்தான். கட்சியையும் தலைவரையும் விட்டுவிட்டு, நுட்பம், சட்டம், அதன் விளைவு ஆகியவற்றைப் பேசலாம் என்று விதியை எழுதுங்கள்.

மீண்டும் மீண்டும் செய்பவர்

தனிச்செய்தி, பிறகு எழுத்துபூர்வமான எச்சரிக்கை, பிறகு ஒரு நாள் மியூட், பிறகு வெளியேற்றம். ஒவ்வொன்றையும் அட்மின்களுக்கான தனிக் குழுவில் தேதியோடு குறித்து வையுங்கள்; "என்னை மட்டும் ஏன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

இங்கே ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். குழுவில் யாராவது கண்டதைப் போட்டால் போலீஸ் அட்மினைப் பிடிக்கும் என்று பயந்து எல்லாவற்றையும் அழிப்பவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில், அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்றது. அதற்காக வெறுப்புப் பேச்சைக் கண்டும் காணாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. பிரியாணிக்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை, அவ்வளவுதான்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

எத்தனை செய்தி அழித்தோம் என்பது கணக்கே இல்லை. மாதம் ஒருமுறை உதவி அறையில் மேலே போய்ப் பார்த்து, பதில் இல்லாமல் நிற்கும் கேள்விகளைப் பொறுக்குங்கள். பழைய பதிலாளிகள் இன்னும் பேசுகிறார்களா என்று பாருங்கள். யாராவது காணாமல் போயிருந்தால் தனியாகக் கேளுங்கள். மியூட்டில் போட்ட காரணத்தை மனம் விட்டுச் சொல்வார்கள்.

டீக்கடையில் உதவி அறையைவிடக் கூட்டம் அதிகம் என்றால் பதற வேண்டாம், அது இயல்பு. ஆனால் தொழில்நுட்பக் கேள்விகளும் அங்கேயே வர ஆரம்பித்தால் கவனியுங்கள். உதவி அறையில் கேட்கப் பயமாக இருக்கிறது, இங்கே யாரும் திட்டமாட்டார்கள் என்று நினைத்துத்தான் புதியவர்கள் இங்கே கேட்கிறார்கள். அவர்களை "அங்கே போய்க் கேளுங்கள்" என்று விரட்டாதீர்கள். டீக்கடையிலேயே பதில் சொல்லிவிட்டு, கேள்வியையும் பதிலையும் நீங்களே சுருக்கி உதவி அறையில் போடுங்கள். அப்புறம் அட்மின்கள் உட்கார்ந்து, கடந்த சில வாரங்களில் உதவி அறையில் புதியவர்களுக்கு என்னென்ன மறுமொழி போயிருக்கிறது, அதில் நீங்கள் எழுதியவை எத்தனை என்று படித்துப் பாருங்கள்.